பட்ஜீஸ் குஞ்சு பொரிப்பில் எங்கே தடங்கல்? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழி

பட்ஜீஸ் என்னும் சின்னக் கிளிகளை வளர்ப்பவர்கள் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். கூட்டுப் பெட்டிக்குள் இன்று தெரிகிற கோளாறு பெரும்பாலும் இன்று தொடங்கியதில்லை. முட்டை ஓடு மெலிந்திருந்தால், பெண்ணின் உடம்பில் சுண்ணாம்புச் சத்து குறைய ஆரம்பித்துச் சில வாரங்கள் ஆகியிருக்கும். ஐந்தாம் வாரத்தில் வால் இறகு உதிர்ந்து தரையில் ஓடித் திரியும் குஞ்சுக்குப் பெட்டிக்குள்ளேயே தொற்று ஏறியிருக்கும். அதனால் ஏதாவது தப்பாகத் தெரிந்தவுடன் பெட்டிக்குள் கை விடாதீர்கள். முதலில் நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்.

எண்ணுவதற்குத் தேதி வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்ன அட்டை தொங்கட்டும். முதல் முட்டை இட்ட நாள், முதல் குஞ்சு வந்த நாள், செத்தது எது, எந்த நாளில் என்று எழுதி வையுங்கள். முட்டையின் மேலேயே மென்மையான பென்சிலால் வரிசை எண் போடலாம். பேனா மை வேண்டாம், ஓட்டில் நுண்துளைகள் இருக்கின்றன.

எல்லாம் ஒழுங்காகப் போனால் கணக்கு இப்படி வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டை, ஒரு ஈட்டுக்கு 4 முதல் 6, சில பெண்கள் 8 வரை. முதல் அல்லது இரண்டாம் முட்டையிலிருந்தே பெண் அடை உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு முட்டையும் 18 நாள் வாக்கில் பொரிக்கும். 6 முதல் 10 நாளில் குஞ்சு கண் திறக்கும், 30 முதல் 35 நாளில் பெட்டியை விட்டு வெளியே வரும், ஆறாம் வாரவாக்கில் தானே விதை உடைத்துத் தின்னும். உங்கள் அட்டை இந்தக் கணக்கிலிருந்து எங்கே விலகுகிறதோ, அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.

ஜோடி சேர்த்து மாதக்கணக்காகிறது, முட்டையே இல்லை

அது ஜோடிதானா என்பதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரண்டு ஆண்கள் ஒன்றுக்கொன்று இரை ஊட்டும், தலை கோதிவிடும், உரசிக்கொண்டு உட்காரும். பார்ப்பவர்களுக்கு அன்பான ஜோடியாகவே தெரியும். அலகுக்கு மேலே உள்ள மூக்குத்தோலைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு அது நல்ல நீலம். பெண்ணுக்கு வெளிறிய நீலமோ, வெள்ளையோ, பழுப்போ. முட்டையிடும் பக்குவம் வந்தால் கரும்பழுப்பாகித் தடித்துச் சொரசொரப்பாகும். இளசாக இருந்தால் நாசித் துளையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பெண். வளையமே இல்லாமல் ஒரே சீராக இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்திருந்தால் ஆண். லுட்டினோ (முழு மஞ்சள்), அல்பினோ (முழு வெள்ளை), ரிசஸிவ் பைடு (திட்டுத் திட்டான நிறம்) வகை ஆண்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு வயதானாலும் மூக்குத்தோல் நீலமாகாமல் இளஞ்சிவப்பாகவே நிற்கும்.

அடுத்தது வயது. அலகிலிருந்து உச்சந்தலை வரை நெற்றியில் கறுப்பு வரிகள் ஓடினால் அது இன்னும் குட்டிதான். 3, 4 மாதத்தில் முதல் இறகு உதிர்ப்போடு அந்த வரிகள் பின்னுக்குப் போய்விடும். அதற்காக நெற்றி தெளிந்த அன்றே பெட்டி வைத்துவிடக் கூடாது. ஒரு வயதை நெருங்கும்வரை பொறுங்கள். உடம்பு முற்றாத பெண் முட்டை போட்டால், முட்டை சிக்கிக்கொண்டு அதன் உயிருக்கே ஆபத்தாகும்.

ஜோடியும் சரி, வயதும் சரி என்றால் சூழலைப் பாருங்கள். பட்ஜீஸின் தாய்மண் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. அங்கே அவை கூட்டம் கூட்டமாக இடம் மாறிக்கொண்டே இருக்கும். மழை பெய்து புல் விதை விளைந்த இடத்தில்தான் இனம் பெருக்கும். ஆகவே அவற்றின் உடம்பு நான்கு செய்திகளுக்காகக் காத்திருக்கிறது: நிறைந்த தீனி, நீண்ட பகல், பொந்து, சுற்றிலும் தன் இனத்தின் சத்தம். நான்காவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஆணின் ஓயாத பாட்டு பெண்ணின் சினைப்பையைத் தூண்டுகிறது. வேறு பட்ஜீஸின் குரலே கேட்காத தனி ஜோடி பல நேரம் சும்மா இருந்துவிடும். பக்கத்தில் இன்னும் இரண்டு ஜோடி இருந்தாலே நிலைமை மாறுவதுண்டு. வெளிச்சம் தினமும் 12 முதல் 14 மணி நேரம் கிடைக்கட்டும். பெட்டி 15 செமீ அகலம், 25 செமீ நீளம் அளவில், 4 முதல் 5 செமீ வாசலோடு இருந்தால் போதும்.

பெண் வாசலில் உட்கார்ந்து மரத்தைக் கொறிக்க ஆரம்பித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்த நேரத்தில் பெட்டியை இடம் மாற்றுவதும், ‘இது சரிவராது’ என்று ஆணை மாற்றுவதும்தான் பலர் காரியத்தைக் கெடுக்கும் இடம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பெண் பழையபடி முதலிலிருந்து தொடங்கும்.

இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும் பறவைக்குப் பெட்டி வைக்க வேண்டாம். புது இறகு வளர்க்கவே அதன் சத்தெல்லாம் போய்க்கொண்டிருக்கும்.

பெண்கள் ரத்தம் வரச் சண்டை போடுகின்றன

பல ஜோடிகள் ஒரே பெரிய கூண்டில் இருந்தால் சண்டை பெட்டிக்காகத்தான். பெண் பட்ஜியின் சண்டை விளையாட்டாக முடியாது. இன்னொரு பெண்ணின் பெட்டிக்குள் புகுந்து முட்டையை உடைக்கும், குஞ்சைக் கொல்லும், தாயையே கொன்றதும் உண்டு. ஜோடிக்கு இரண்டு பெட்டி என்ற கணக்கில், எல்லாவற்றையும் ஒரே உயரத்தில், ஒரே நாளில் மாட்டுங்கள். உயரம் வேறுபட்டால் எல்லாம் மேல் பெட்டிக்கே போட்டி போடும். ஜோடி இல்லாத பெண் ஒன்றுகூட அந்தக் கூண்டில் இருக்கக் கூடாது. இனப்பெருக்கம் தொடங்கிய பிறகு புதுப் பறவை சேர்க்கவும் கூடாது. இத்தனைக்குப் பிறகும் ஒரு பெண் அடங்கவில்லை என்றால் அதற்குத் தனிக் கூண்டுதான் வழி. என்னைக் கேட்டால், இடம் இருப்பவர்கள் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாக, ஆனால் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கும்படி வைப்பதே நல்லது. எந்தக் குஞ்சு யாருடையது என்ற குழப்பமும் வராது.

முட்டை நிறைய இருக்கிறது, எதுவும் பொரிக்கவில்லை

இங்கே டார்ச்தான் உங்கள் கண். பெண் தானாக வெளியே வந்த நேரம் பார்த்து, இருட்டில் ஒரு சிறிய எல்ஈடி டார்ச்சை முட்டையின் அடியில் வைத்துப் பாருங்கள். கையில் எடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அடை உட்கார்ந்த ஐந்தாம் நாள் வாக்கில், கரு பிடித்த முட்டைக்குள் ஒரு சிவப்புப் புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்கள் போல் நாலாபக்கமும் விரியும் மெல்லிய ரத்த நாளங்களும் தெரியும். உற்றுப் பார்த்தால் அந்தப் புள்ளி துடிப்பதும் தெரியும். பத்தாம் நாளில் பாதி இருட்டு. பதினைந்துக்கு மேல் அகன்ற முனையில் காற்றறை மட்டும் வெளிச்சமாக நிற்கும், மிச்சமெல்லாம் இருட்டு. டார்ச் இல்லாமலும் ஓரளவு சொல்லலாம். கரு பிடித்த முட்டை நாளாக நாளாகச் சுண்ணாம்பு வெள்ளையாகும். பிடிக்காதது மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பாகவே இருக்கும்.

பார்த்த பிறகு மூன்று பாதைகள் பிரிகின்றன.

எல்லாமே தெளிவாக, நாளமே இல்லாமல் இருந்தால் அவை கூமுட்டை. ஒரே பெட்டியில் எட்டு, பத்து என்று முட்டை குவிந்திருந்தால் இரண்டு பெண்கள் ஜோடியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆண் உண்டு என்றால் உட்காரும் குச்சியை ஆட்டிப் பாருங்கள். குச்சி ஆடினாலும், வழவழப்பாக இருந்தாலும், ஆண் மேலே ஏறும்போது பெண்ணால் நிலையாக நிற்க முடியாது, சேர்க்கை சரியாக நடக்காது. இரண்டு முனையும் இறுக்கிக் கட்டிய சொரசொரப்பான மரக்கிளை வையுங்கள். இந்தச் சின்னத் திருத்தம் அடுத்த ஈட்டையே மாற்றிவிடும். ஆசனவாயைச் சுற்றி அடர்ந்த இறகுள்ள பெரிய கண்காட்சி வகைப் பறவைகளுக்கு அந்த இடத்து இறகைக் கவனமாகக் கத்தரித்துவிடுவார்கள். இளம் ஜோடியின் முதல் ஈடு முழுவதும் கூமுட்டையாகப் போவது சாதாரணம். அதற்காக ஜோடியைப் பிரிக்க வேண்டியதில்லை.

நாளம் தெரிந்து, பிறகு அது உடைந்து ரத்த வளையமாக நின்றால் கரு ஆரம்பத்திலேயே இறந்திருக்கிறது. பெண் இரவில் எதற்கோ மிரண்டு வெளியே ஓடி, இருட்டில் திரும்ப வழி தெரியாமல் வெளியிலேயே தங்கியிருக்கலாம். முட்டை குளிர்ந்துவிடும். இரவில் ஒரு மங்கலான விளக்கு எரியட்டும். பூனை, எலி, பல்லி நடமாட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரவில் அறையின் பெரிய விளக்கைச் சட்டென்று அணைக்கும் பழக்கமும் வேண்டாம், வெளியே இருக்கும் பறவை பெட்டிக்குப் போக நேரம் கொடுங்கள்.

மூன்றாவது, முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்திருப்பது. மனசு கனக்கும் விஷயம் இது. காற்று மிகவும் வறண்டிருந்தால் ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து தோல் போலாகி, குஞ்சால் அதைக் கிழித்துக்கொண்டு வர முடியாது. பெண் குளிக்க அகலமான பாத்திரத்தில் தினமும் தண்ணீர் வையுங்கள். ஈர இறகோடு போய் அது உட்கார்ந்தாலே பெட்டிக்குள் தேவையான ஈரம் சேரும். எச்சம் அப்பி ஓட்டின் துளைகள் அடைபட்டாலும் இதே முடிவுதான். முட்டையில் கீறல் விழுந்தும் குஞ்சு வரவில்லை என்றால் அவசரப்பட்டு உரிக்காதீர்கள். கீறலிலிருந்து வெளிவர 24 மணி நேரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆவதுண்டு. ஓட்டின் உட்சவ்வில் ஓடும் ரத்தம் குஞ்சின் உடம்புக்குள் இழுக்கப்படும் முன் உரித்தால் ரத்தம் கசிந்தே செத்துவிடும்.

கூமுட்டை என்று தெரிந்தவுடன் எடுத்து எறிவதும் தவறு. எடுத்தால் பெண் அதை ஈடுகட்ட மேலும் முட்டை போடும், உடம்பு ஓய்ந்துபோகும். அது தானாக அலுத்து விடும்வரை உட்கார விடுங்கள்.

முட்டை உடைந்தோ குத்துப்பட்டோ கிடக்கிறது

ஓட்டை விரலில் உடைத்துப் பாருங்கள். காகிதம் போல் நொறுங்கினால் சுண்ணாம்புச் சத்துக் குறை. ஓடு கெட்டியாக இருந்து, குத்தின அடையாளம் இருந்தால் வேறு பெண் நுழைந்திருக்கும், அல்லது நகம் நீண்டிருக்கும், அல்லது நீங்கள் அடிக்கடி பெட்டியைத் திறக்கிறீர்கள். ஒரு நாளில் ஒரே ஒரு முறை, ஒரே நேரத்தில், முதலில் விரலால் பெட்டியைத் தட்டி, பெண் வெளியேறிய பின் திறப்பது என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். தட்டாமல் திறந்தால் அது பதறி எழும், முட்டை காலில் சிக்கும்.

பெண் தரையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது

இதற்கு மட்டும் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாருங்கள். முட்டையிடும் பருவத்தில் இருக்கும் பெண், குச்சியை விட்டுத் தரைக்கு வந்து, கால்களை அகட்டி, கண்ணைப் பாதி மூடி, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆட உட்கார்ந்திருந்தால், முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசனவாய்ப் பக்கம் வீங்கியிருக்கும், எச்சம் வராது, அல்லது முக்கி முக்கிக் கொஞ்சம் வரும். அந்த இடத்தை மெல்லத் தொட்டால் கெட்டியாகத் தட்டுப்படலாம்.

சாதாரணமாக அடை உட்காரும் பெண்ணின் எச்சமும் பெரிதாக, நாற்றத்தோடு இருக்கும். பெட்டிக்குள் போகாமல் அடக்கி வைத்து வெளியே வந்து மொத்தமாகப் போடுவதால் அப்படி. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சுறுசுறுப்பாக வந்து, போட்டுவிட்டு, தின்றுவிட்டு மறுபடி உள்ளே ஓடினால் அது நலமாக இருக்கிறது.

சிக்கியது உறுதியென்றால் செய்ய வேண்டியது இதுதான். ஒரு சிறிய பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடாகும்படி குண்டு பல்போ வெப்பத் திண்டோ வைத்து, உள்ளே தெர்மாமீட்டரில் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் காட்டும்படி பாருங்கள். ஒரே பக்கம் சூடு என்பது முக்கியம், அதிகமாகப் பட்டால் பறவை நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். பக்கத்தில் ஒரு ஈரத்துணி வைத்தால் காற்றில் ஈரம் சேரும். தெளிவாக விழுங்குகிற நிலையில் இருந்தால் பறவைகளுக்கான திரவக் கால்சியத்தை அலகின் ஓரத்தில் சொட்டு சொட்டாகக் காட்டலாம். கருப்பைத் தசை சுருங்கி முட்டையைத் தள்ளவே கால்சியம்தான் வேண்டும். ஓட்டுக்கும் அதே கால்சியம்தான் போகிறது, அதனால்தான் குறை உள்ள பெண் இங்கே மாட்டிக்கொள்கிறது. இந்தச் சூட்டிலேயே பல பெண்கள் சில மணி நேரத்தில் முட்டையைப் போட்டுவிடும். போடவில்லை என்றாலும், இன்னும் தளர்ந்தாலும், உடனே பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். அவர் கால்சியம் ஊசி போடலாம், முட்டையைச் சுருக்கி எடுக்கலாம். நீங்கள் வயிற்றை அமுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். உள்ளே உடைந்த முட்டை பறவையைக் கொன்றுவிடும்.

பிழைத்து எழுந்த பெண்ணுக்குப் பெட்டி கிடையாது. குறைந்தது ஆறு மாதமாவது ஓய்வு கொடுங்கள். காரணத்தையும் அந்த இடைவெளியில் தேடுங்கள். வெறும் விதைத் தீனியா, இளம் வயதா, அதிகக் கொழுப்பா, ஓயாத ஈடுகளா, குளிரா? கடல்நுரை (கணவாய் ஓடு) எப்போதும் கூண்டில் தொங்கட்டும். ஆனால் கடல்நுரை மட்டும் இருந்தால் போதாது, அதை உடம்பு ஏற்றுக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் அதற்கு உதவாது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. நிழலும் இருக்கும் இடத்தில் நேர் வெயில் கொஞ்ச நேரம் படட்டும். ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு இரண்டு ஈடு போதும். மூன்றாவது ஈட்டுக்கு ஆசைப்படுவது அந்தப் பறவைக்குச் செய்யும் கொடுமை என்றே நினைக்கிறேன்.

குஞ்சு பிறந்த ஓரிரு நாளில் சாகிறது

பொரித்தவுடன் ஒரு பட்ஜிக் குஞ்சு ஏறக்குறைய 2 கிராம்தான். கண் மூடியிருக்கும், உடம்பில் ஒரு தூவி இருக்காது. தோல் அவ்வளவு மெல்லிசு என்பதால் கழுத்தடியில் இரைப்பை நிறைந்திருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடலாம். தாய் ஊட்டியிருந்தால் அங்கே வெள்ளையாக உப்பியிருக்கும். முதல் சில நாள் அது தன் வயிற்றில் சுரக்கும் கூழைத்தான் ஊட்டும். ஊட்டவில்லை என்றால் அந்த இடம் தட்டையாக, சிவந்த தோலாக மட்டும் தெரியும். பிறந்த சில மணி நேரத்துக்கு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தாங்கும், அதற்குப் பிறகு தாங்காது.

இரைப்பை காலியாக இருந்தால் ஆணைக் கவனியுங்கள். பெண்ணுக்கு ஆண் ஊட்ட, பெண் குஞ்சுக்கு ஊட்டுவதுதான் வழக்கம். ஆண் சோம்பினால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். தீனிக் கிண்ணத்தையும் ஊதிப் பாருங்கள். பார்வைக்கு நிரம்பியிருக்கும், ஊதினால் எல்லாம் உமியாகப் பறந்துவிடும். பட்ஜீஸ் தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பருப்பை மட்டும் தின்னும். நிறைந்த கிண்ணத்தின் முன் பட்டினி கிடந்த பறவைகள் ஏராளம்.

முட்டை கலந்த மென்தீனி, முளைகட்டிய விதை, கீரை எல்லாம் பொரிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே பழக்கியிருக்க வேண்டும். பொரித்த அன்று புதிதாக வைத்தால் சீண்டாது. மென்தீனி சீக்கிரம் புளித்துவிடும், இரண்டு மூன்று மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

முதல் குஞ்சுகள் நன்றாக இருந்து கடைசிக் குஞ்சு மட்டும் சாகிறதென்றால் அது வயது இடைவெளி. ஐந்தாம் குஞ்சு வரும்போது முதல் குஞ்சுக்கு எட்டு நாள் ஆகியிருக்கும். பெரியவற்றின் அடியில் அது நசுங்கும். இதற்காகத்தான் இரண்டு மூன்று ஜோடிகளுக்கு ஒரே சமயத்தில் பெட்டி வைக்கச் சொல்கிறோம். ஒத்த வயதுக் குஞ்சுள்ள பெட்டிக்கு மாற்றிவிட்டால் வளர்ப்புத் தாய் பேதமில்லாமல் ஊட்டும்.

குஞ்சுகள் ஊட்டப்பட்டும் வெளிறிப்போய்ச் சாகின்றன என்றால் சிவப்பு மைட் பூச்சியைத் தேடுங்கள். பகலில் பெட்டியின் இடுக்குகளில் ஒளிந்துகொண்டு இரவில் ரத்தம் குடிக்கும். இரவு வெகு நேரம் கழித்து டார்ச்சோடு பெட்டியின் மூட்டுகளைப் பாருங்கள், அல்லது கூண்டின் மேல் வெள்ளைத் துணி போட்டு விடியலில் மடிப்புகளைப் பாருங்கள். நகரும் சிவப்புப் புள்ளிகள் தெரியும். குஞ்சுகளைச் சுத்தமான வேறு பெட்டிக்கு மாற்றி, பழையதைக் கொதிநீர் ஊற்றிக் காய வையுங்கள். பறவைக்கான மருந்தை மருத்துவர் சொல்வார். வீட்டில் கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கும் ஸ்பிரே கூண்டுப் பக்கமே வரக் கூடாது.

குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் அகன்று போகின்றன

பெட்டியின் தரை தட்டையாக, வழுக்கலாக இருந்தால் இப்படி ஆகும். தாய் அழுத்தி உட்காரும்போது கால்கள் பக்கவாட்டில் சறுக்கி, எலும்பு அப்படியே வளர்ந்துவிடும். குழிவான அடிப்பாகமும் அதன்மேல் தூசியில்லாத மரச்சீவலும்தான் தடுப்பு. பெட்டிக்குப் பதில் பானை வைப்பவர்களுக்குக் குழிவு தானாக அமைந்துவிடும், ஆனாலும் உட்புறம் வழவழப்பாக இருந்தால் சீவல் வேண்டும். குஞ்சு பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். இரண்டு கால்களையும் இயல்பான இடைவெளியில் சேர்த்து மென்மையான மருத்துவ டேப்பால் கட்டுங்கள், நடுவில் சிறு பஞ்சுத் துண்டு இருக்கட்டும். தினமும் விரல் நிறம் பாருங்கள். நீலம் பாய்ந்தால் கட்டு இறுக்கம். எலும்பு முற்றிய பிறகு கட்டிப் பயனில்லை.

அலகுக்குள்ளும் விரல் நுனியிலும் அப்பிக் காயும் அழுக்கை அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். மேல் அலகின் உட்புறம் தீனி காய்ந்து ஒட்டினால் மேல் அலகு கீழ் அலகுக்குள் மாட்டி வளரும். நனைத்த மரக்குச்சியால் மெல்ல எடுக்கலாம். விரலில் உருண்டையாகக் காய்ந்த எச்சத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த பின்தான் எடுக்க வேண்டும். அப்படியே இழுத்தால் நகம் கையோடு வந்துவிடும்.

குஞ்சுக்கு இறகு இல்லை

எந்த இறகு இல்லை என்பதுதான் கேள்வி. முதுகும் பிடரியும் மொட்டையாக இருந்து, சிறகும் வாலும் சரியாக இருந்தால் தாய் பிடுங்குகிறது. அடுத்த ஈட்டுக்கு அவசரப்படும் பெண் பழைய குஞ்சுகளை இப்படி விரட்டும். குஞ்சு பெரிதாக இருந்தால் ஆணோடு தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள், ஆண் ஊட்டிக்கொள்ளும். சிறிதாக இருந்தால் வேறு பெட்டி. பிடுங்கிய இடத்தில் இறகு திரும்ப முளைத்துவிடும்.

மாறாக, வெளியே வரும் வயதில் சிறகின் பெரிய இறகுகளும் வால் இறகுகளும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உதிர்கின்றன, பிடுங்கிப் பார்த்தால் தண்டுக்குள் கறுத்த ரத்தம் உறைந்திருக்கிறது என்றால் பிரெஞ்சு மோல்ட். இது வைரஸ். பாலியோமா வைரஸும் சர்கோ வைரஸும் இதற்குக் காரணம். அதே கூண்டில் இரண்டு மூன்று வாரத்துக்குள் குஞ்சுகள் வயிறு உப்பித் திடீரென்று செத்திருந்தால் பாலியோமாவின் மேல் சந்தேகம் வலுக்கும். மருந்து கிடையாது. எல்லாப் பெட்டிகளையும் இறக்கிவிட்டு ஆறு மாதம் இனப்பெருக்கத்தை நிறுத்துங்கள். மரப் பெட்டிகளை எரித்துவிடலாம். கூண்டைப் பறவை இல்லாத நேரத்தில், பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து கழுவி, நன்றாக அலசிக் காய வையுங்கள். பறவைகளை யாருக்கும் கொடுக்காதீர்கள், வெளியிலிருந்து வாங்கவும் வேண்டாம். நலமாகத் தெரியும் தாய் தந்தையே கிருமியைச் சுமந்துகொண்டிருக்கலாம் என்பதால், மருத்துவர் மூலம் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

வளர்ந்த பறவை தின்றுகொண்டே மெலிகிறது

கிண்ணத்தை விட்டு நகராது, ஆனால் மார்பெலும்பு கத்தி போல் கையில் படும். எச்சத்தில் முழு விதை செரிக்காமல் வரும். மேக்ரோராப்டஸ் என்ற வயிற்றுப் பூஞ்சைதான் பட்ஜீஸில் இதற்கு அடிக்கடி காரணம். மருத்துவர் எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும். ஆம்போடெரிசின் பி மருந்தை வாய் வழியாகக் கொடுப்பார்கள். சாதாரண ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது, கடையில் கேட்டு வாங்கிக் கலக்கிக் கொடுப்பது வீண். தலை இறகெல்லாம் பிசுபிசுவென்று நனைந்து, கக்கிக்கொண்டிருந்தால் டிரைக்கோமோனாஸ் தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. ஆண் பெண்ணுக்கும் பெண் குஞ்சுக்கும் ஊட்டும்போது இவை இரண்டுமே பரவும். ஆகவே சந்தேகப்பட்ட பறவையை அன்றே பிரித்து வையுங்கள்.

சமையல் தராசு ஒன்று இருந்தால் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். சாதாரண வீட்டு பட்ஜி 30 முதல் 40 கிராம். அதில் 4 கிராம் குறைந்தாலே உடம்பில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசு சொல்லிவிடும்.

அலகின் ஓரத்திலும் மூக்குத்தோலிலும் சிறுசிறு துளைகளோடு சாம்பல் நிறப் பொருக்கு கட்டினால் செதில் மைட். மருத்துவர் தரும் ஐவர்மெக்டின் சொட்டு மருந்தில் எளிதாகக் குணமாகும். விட்டுவிட்டால் அலகே கோணும். நீல மூக்குள்ள வயதான ஆணுக்கு மூக்குத்தோல் பழுப்பாக மாறினால் அலட்சியம் வேண்டாம், விரைக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். கூடவே ஒரு கால் மட்டும் செயலிழந்தால் உள்ளே வளரும் கட்டி நரம்பை அழுத்துகிறதோ என்று பார்க்க வேண்டும்.

பறவைக்கு மட்டுமல்ல, வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல்

பறவைகள் உப்பிக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, பச்சையாக எச்சம் போடுகின்றன, வீட்டிலும் ஒருவருக்குக் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்றால் கிளமிடியா சிட்டாசி என்ற பாக்டீரியாவை நினைக்க வேண்டும். காய்ந்த எச்சத்தின் தூசி மூச்சில் போய் மனிதருக்கும் தொற்றும். மனிதருக்கும் பறவைக்கும் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து உண்டு, சரியான நேரத்தில் தொடங்கினால் குணமாகும். ஆனால் மருத்துவரிடம் “வீட்டில் பட்ஜீஸ் வளர்க்கிறோம்” என்று நீங்களாகச் சொல்லாவிட்டால் அவர் அந்தப் பக்கம் யோசிக்கவே மாட்டார். கூண்டை உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். முதலில் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு துடையுங்கள். புதுப் பறவை எதுவானாலும் 30 நாள் வேறு அறையில் இருக்கட்டும். அந்த 30 நாளும் பழைய பறவைகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, புதியதற்குக் கடைசியில் வையுங்கள்.